16 வயது ஸ்ட்ரைக்கருக்கு வெளிநாடு: இப்போதா, 18-லா, அதற்கும் பிறகா?

கடலூர் தேவனாம்பட்டினம் மணலிலோ புதுச்சேரி உப்பளம் மைதானத்திலோ வாராவாரம் கோல் போடுகிற 15, 16 வயதுப் பையன் இருக்கும் வீட்டுக்கு என்றாவது ஒருநாள் அந்த போன் வந்துவிடும். "அண்ணா, தம்பிக்கு ஸ்பெயின்ல அகாடமி சீட்டு ரெடி. முதல் வருஷம் மட்டும் நீங்க பாத்துக்கிட்டா போதும், அப்புறம் கிளப்பே பாத்துக்கும்." நிலத்தை அடகு வைக்கலாமா, நகையை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு தொடங்கும். அதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது வேறு. பையனுக்கு உண்மையில் திறந்திருக்கும் வழிகள் எவை, 16-லிருந்து 20 வயது வரை வாரம் ஒரு நிஜமான ஆட்டம் அவனுக்கு எந்த வழியில் கிடைக்கும்? டிஃபெண்டர் பயிற்சியில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஸ்ட்ரைக்கர் அப்படியில்லை. பாக்ஸுக்குள் அரை நொடியில் எடுக்கும் முடிவு, புள்ளிக்காக ஆடும் ஆட்டத்தில்தான் பழகும்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம், பாதிப் பேச்சு அதிலேயே முடிந்துவிடும். ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19-ஆவது பிரிவு, 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக் கூடாது என்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோவது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16-லிருந்து 18 வரை, படிப்பும் தங்குமிடமும் உறுதிசெய்து மாறுவது இன்னொன்று. எல்லையை ஒட்டிய ஊர்க்காரர், அகதி, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர் ஆகியோருக்கும் தனி வழி உண்டு. மாணவர் என்றால் அதிகபட்சம் ஓராண்டு, அதுவும் முழுக்க அமெச்சூர் கிளப்பில் மட்டும்.

போனில் வந்த ஸ்பெயின் சீட்டை இதில் பொருத்திப் பாருங்கள். அப்பா கடலூர் துறைமுகத்தில் வேலையில் இருக்கிறார், பையன் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. எந்த விதிவிலக்கும் பொருந்தாது. பணம் வாங்கும் அகாடமி அவனைச் சேர்த்துக்கொள்ளும், நல்ல புல்தரையில் பயிற்சியும் கொடுக்கும். ஆனால் உள்ளூர் லீக்கில் அவன் பெயரைப் பதிவுசெய்ய முடியாது. மிஞ்சுவது நட்பு ஆட்டங்கள். ஆண்டுக்குப் பல லட்சம் கொடுத்து வாங்குவது பயிற்சியும் படமும்தான். ஊருக்குத் திரும்பும்போது பதிவேட்டில் அந்த இரண்டு ஆண்டுகள் வெறுமையாக இருக்கும். இது நல்ல கதி. மோசமான கதியும் உண்டு: 2023 ஜூனில் போர்ச்சுகலில் ஓர் அகாடமியில் அதிகாரிகள் நுழைந்து, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியாவிலிருந்து வந்திருந்த சிறுவர்களை மனிதக் கடத்தல் சந்தேகத்தில் மீட்டார்கள்.

பெரிய கிளப்பாக இருந்தால் விதி வளையும் என்று நினைப்பவர்களுக்கு பார்சிலோனாவின் கதை போதும். கொரியாவின் லீ சுங்-வூ 2011-இல் 13 வயதில் அங்கே சேர்ந்த ஃபார்வர்ட். ஜப்பானின் டகேஃபுசா குபோவும் அதே ஆண்டில் 10 வயதில் சேர்ந்தார். சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று ஃபிஃபா பிடித்தது. கிளப்புக்கு 2014-இல் தண்டனை விதிக்கப்பட்டது, பையன்கள் அதிகாரபூர்வ ஆட்டங்களில் ஆட முடியாமல் போனது. இங்கே இருவர் பாதையும் பிரிகிறது. லீ அங்கேயே இருந்தார், 2016 ஜனவரியில் 18 நிரம்பும் வரை சுமார் மூன்று ஆண்டு ஆட்டமில்லாமல். குபோ 2015-இல் டோக்கியோவுக்குத் திரும்பினார், 15 வயதிலேயே ஜே-லீக் மூன்றாம் பிரிவில் பெரியவர்களோடு ஆடினார், 18 நிரம்பிய 2019 ஜூனில் ரியல் மாட்ரிட் அவரை எடுத்தது. இன்று அவர் ரியல் சொசியடாடின் முக்கிய வீரர். லீ வெரோனா, சின்ட்-ட்ரூய்டன் என்று சுற்றி 2022-இல் கொரிய லீக்குக்குத் திரும்பினார். திறமையில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக அன்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் ஊரில் ஆடிக்கொண்டே இருந்தார், இன்னொருவர் காத்துக்கொண்டே இருந்தார்.

அப்படியானால் 16-இல் முறையாகப் போகவே முடியாதா? முடியும். சன் ஹியுங்-மின் 2008-இல் 16 வயதில் ஹாம்பர்க் போனது கொரியக் கால்பந்துச் சங்கமே நடத்திய திட்டத்தில். நம் பக்கத்தில் அப்படியொரு நிலையான திட்டம் கிடையாது. நமக்கென்று இருப்பது ஒரே ஒரு விசித்திரமான கதவு. அது புதுச்சேரியில் இருக்கிறது.

சொல்தா வீடுகளை, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்களைச் சொல்கிறோம். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இன்றும் நகரத்திலும் காரைக்காலிலும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பேரனிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தால் கணக்கு மாறும். பெற்றோர் வேலைக்காகவே பிரான்சுக்குக் குடிபோனால் முதல் விதிவிலக்கு பொருந்தும். போகாவிட்டாலும், ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் 16 வயதுக்காரர் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவதை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஏற்ற முன்னுதாரணம் உண்டு. ஆனால் கிளப் ஃபிஃபாவிடம் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். பள்ளி, தங்குமிடம், பொறுப்பாளர் ஆகியவற்றுக்கான எழுத்துப்பூர்வ ஆவணம் இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது. இன்னொரு லாபமும் இருக்கிறது. பிரான்சின் முதல்நிலை லீக்கான லீக் 1 கிளப்பில் ஐரோப்பியரல்லாத வீரர் நான்கு பேருக்குத்தான் இடம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்காரர் அந்த நாலுபேர் வரிசையில் நிற்கவே வேண்டாம்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. 16 வயதில் பிரான்சில் இறங்குபவர், 13 வயதிலிருந்தே மண்டல மையங்களிலும் கிளப் பயிற்சி மையங்களிலும் வளர்ந்த பையன்களோடு இடத்துக்கு மோத வேண்டும். பெரும்பாலும் ஏதாவது ஊர்க் கிளப்பின் 17 அல்லது 19 வயதுக்குட்பட்டோர் மண்டல லீக்கில்தான் தொடங்க முடியும். அது அவமானமில்லை, வாராவாரம் ஆட்டம் இருக்கிறது. பிரெஞ்சு சரளமாக வராவிட்டால் கோச்சின் திட்டம் புரியாது. அதனால் புதுச்சேரியின் பிரெஞ்சுவழிப் பள்ளியான லிசே பிரான்சேயில் படித்தவருக்கும் தமிழ்வழியில் படித்தவருக்கும் இந்தக் கதவு ஒரே அகலம் அல்ல. அடுத்தது தேசிய அணி. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவரைத் தேசிய அணியில் எடுப்பதும் இல்லை. ஜப்பானில் பிறந்த அராடா இசுமி இந்தியச் சட்டை போட ஜப்பானியக் குடியுரிமையை விட வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு போகிற பையன் இந்தியாவுக்கு ஆடும் ஆசையைப் பெரும்பாலும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறான். வீட்டில் இதைப் பேசிவிட்டுக் கிளம்புவது நல்லது.

மீதிப் பேருக்கு, அதாவது கடலூரில் எல்லோருக்கும் புதுச்சேரியில் ஏறத்தாழ எல்லோருக்கும், உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு நடுவில்தான்: 18 நிரம்பியதும் கிளம்புவதா, இங்கே 20, 21 வரை ஆடிவிட்டுக் கிளம்புவதா.

இங்கே இருப்பதில் ஸ்ட்ரைக்கருக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம். ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக்கில் ஒரே நேரத்தில் களத்தில் நான்கு வெளிநாட்டவர் ஆடலாம் என்றால், கிளப்புகள் முதலில் காசு போடுவது ஒன்பதாம் நம்பருக்கு, அதாவது நடு ஸ்ட்ரைக்கருக்குத்தான். இந்தியப் பையன் 18 வயதில் ஸ்ட்ரைக்கராக உள்ளே போவான், 20-இல் அவனை விங்குக்குத் தள்ளிவிடுவார்கள். ஓடுவான், கிராஸ் போடுவான், கோல் மட்டும் குறையும். தப்பியவர்களும் உண்டு. சிவகங்கைப் பக்கத்துச் சிவசக்தி நாராயணன் பெங்களூருக்கு ஆடி 2022-23-இல் ஐஎஸ்எல்-இன் வளரும் வீரர் விருது வாங்கினார். ஆனால் அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. 2025 ஜூலையில் லீக்கே தள்ளிவைக்கப்பட்டபோது சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தியதையும் பார்த்தோம். ஆகவே இங்கே தங்குவதென்றால் பெரிய கிளப்பின் பெஞ்சைவிட, 90 நிமிடமும் ஒன்பதாம் நம்பரில் நிறுத்துகிற ஐ-லீக் அல்லது சென்னை சீனியர் டிவிஷன் அணி மேல். சம்பளம் பாதியாக இருந்தாலும்.

18 நிரம்பியதும் போகிறவர்களுக்கும் அதே அளவுகோல். எர்லிங் ஹாலண்ட் பெரிய கிளப்புகள் கூப்பிட்ட பிறகும் நார்வேயிலேயே முதலில் பிரூனேவிலும் பிறகு மோல்டேயிலும் ஆடிவிட்டு, 2019 ஜனவரியில் 18 வயதில் சால்ஸ்பர்க் போனார். அங்கே போனது ஆடத்தான். நைஜீரியாவின் விக்டர் ஒசிமென் 18-இல் நேராக ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்குக்குப் போனார். காயம், நோய், பெஞ்ச் என்று போனது காலம், லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. 2018-இல் பெல்ஜியத்தின் ஷார்லரோவா என்ற சிறிய கிளப்புக்குக் கடனாகப் போன ஒரே பருவத்தில் 20 கோல் போட்டார். அங்கிருந்துதான் லில், நாப்போலி எல்லாம். அதே ஆள், அதே கால். அணிக்கு அவர் தேவைப்பட்டார் என்பது மட்டுமே மாறியிருந்தது. நம் ஆட்களில் சுனில் சேத்ரி 2010-இல் கன்சாஸ் சிட்டிக்குப் போய் லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பினார். 2012-இல் ஸ்போர்டிங் லிஸ்பனின் பி அணியிலும் நிலைக்கவில்லை. இந்தியாவுக்காக 90-க்கும் மேல் கோல் போட்ட கால்தான் அது.

எந்த நாடு? பெரிய லீக்குகளை மறந்துவிடுங்கள். இங்கிலாந்தில் வேலை அனுமதிக்குத் தேசிய அணியின் தரவரிசை புள்ளியாக எண்ணப்படும். இந்தியா இருக்கும் இடத்தில் அது உதவாது. நெதர்லாந்தில் ஐரோப்பியரல்லாதவருக்குக் கட்டாயக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 18, 19 வயதுக்குக் கொஞ்சம் தள்ளுபடி இருந்தாலும் பெயர் தெரியாத ஒரு பையனுக்கு அந்தத் தொகையை யாரும் கொடுக்க மாட்டார்கள். போர்ச்சுகலில் அப்படி வெளிநாட்டவர் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் தென் அமெரிக்கப் பையன்கள் முதலில் அங்கே இறங்குகிறார்கள். நல்லவர்களும் ஏமாற்றுக்காரர்களும் அதிகம் திரிவதும் அதே காரணத்தால் அங்கேதான்.

ஊரில் யாரும் சொல்லாத தடை ஒன்று இருக்கிறது: பயிற்சி இழப்பீடு. 23 வயதுக்குள் வெளிநாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், 12 வயதிலிருந்து பையனை வளர்த்த பதிவுபெற்ற கிளப்புகளுக்குப் புதிய கிளப் பணம் தர வேண்டும். ஃபிஃபா கிளப்புகளைப் பிரித்திருக்கும் வகுப்புப்படி, ஐரோப்பாவில் மூன்றாம் வகுப்புக் கிளப் என்றால் ஆண்டுக்கு 30,000 யூரோ, நான்காம் வகுப்புக்கு 10,000. 12-லிருந்து 15 வரையிலான ஆண்டுகளுக்கு நான்காம் வகுப்புத் தொகைதான். 18 முடிந்து போகிற பையனுக்குக் கணக்குப் போட்டால் முதல் நான்கு ஆண்டுக்கு 40,000, அடுத்த மூன்றுக்கு 90,000. இலவசம் என்று நினைத்த பையன் 1,30,000 யூரோ ஆகிவிட்டான்! சின்னக் கிளப் அங்கேயே கையை விரித்துவிடும். நான்காம் வகுப்புக் கிளப் எடுத்தால் இந்த இழப்பீடு கிடையாது. மற்றவற்றுக்கு, பழைய கிளப் உரிமையை விட்டுக்கொடுத்துக் கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தைப் பற்றிய பேச்சு, இங்கே கிளப்பில் சேரும் அன்றே நடக்க வேண்டும். கிளம்பும் வாரத்தில் கேட்டால் யாருக்கும் மனசு வராது.

அதற்காகப் பையனைப் பதிவே செய்யாமல் செவன்ஸ் ஆட விடுவது புத்திசாலித்தனம் இல்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஐஎஃப்எஃப்-இன் மையப் பதிவில் இல்லாதவனுக்கு ஆட்ட வரலாறு இல்லை. பின்னாளில் அவன் நல்ல விலைக்கு மாறினால் வளர்த்த கிளப்புக்கு வர வேண்டிய பங்கும் வராது. மாற்றத் தொகையில் 5 சதவீதம் 12-லிருந்து 23 வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். ஊர்க் கிளப்புக்கு ஒரு மைதானமே அதில் வரலாம்.

மூன்றாவதாக ஒரு வழியைப் பலரும் கவனிப்பதில்லை: அமெரிக்கக் கல்லூரி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணும் ஓரளவு ஆங்கிலமும் உள்ளவருக்கு ஃபிஃபாவின் வயது விதி குறுக்கே வராது, படிப்பு உதவித்தொகை கிடைக்கும், இலையுதிர் பருவம் முழுக்க ஆட்டம் இருக்கும். முதல் பிரிவுக் கல்லூரிக்குப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் எண்ணப்படும், மதிப்பெண் சராசரி 4-க்கு 2.3 வேண்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை இல்லை. பள்ளி முடித்து ஓராண்டுக்கு மேல் இங்கே ஆடிக்கொண்டிருந்தால் தகுதி ஆண்டுகள் குறையத் தொடங்கும். ஐரோப்பா போய்த் தோற்றுவிட்டு வந்து இந்த வழியைப் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். காசு வாங்கி ஆடியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தராசே வேறு. கடலூர் பெண்கள் கால்பந்தில் சின்ன ஊர் இல்லை. சுனாமிக்குப் பிறகு இங்கே வளர்ந்த அகாடமியிலிருந்து தேசிய அணிக்கு வரிசையாகப் பெண்கள் போனார்கள். இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். தமிழ்நாடு 2018-இல் மணிப்பூரை வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றது. இங்கே அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு என்ற தரை காலுக்குக் கீழே இருக்கிறது. வெளிநாட்டில் பெண்கள் கால்பந்துக்குப் பயிற்சி இழப்பீடு கிடையாது, ஆகவே கிளப்புகள் தயங்கக் காரணம் ஒன்று குறைவு. மனிஷா கல்யாண் 2022-இல் 20 வயதில் சைப்ரஸின் அப்போலானுக்குப் போய்ச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றிலேயே ஆடினார். பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் போனபோது அவருக்கு 29. பெண் ஸ்ட்ரைக்கருக்கு அவசரமே இல்லை என்பது எங்கள் கணிப்பு: வேலை ஒதுக்கீட்டுக்குத் தேவையான தேசியப் பதக்கச் சான்றிதழ்களைச் சேர்த்துவிட்டு, 20 வாக்கில் ஓராண்டு ஒப்பந்தத்தில் போய்ப் பார்க்கலாம். திரும்பினால் நிற்க இடம் இருக்கிறது.

இனி, எந்த வழியானாலும் கைப்பொறுப்பாகச் செய்ய வேண்டியவை.

ஏஜெண்டிடம் முதல் கேள்வி லைசென்ஸ். ஃபிஃபா தளத்தில் உரிமம் பெற்றவர் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பார்க்கலாம். சிறுவர்களோடு வேலைசெய்யத் தனி அனுமதி வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அணுகக் கூடாது. ட்ரயலுக்கு உங்களிடம் "கமிட்மெண்ட் ஃபீஸ்" கேட்பவர் ஏஜெண்ட் இல்லை, தரகர்.

வீடியோ 4 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பாட்டு வேண்டாம். கோல் மட்டும் ஒட்டினால் எதிரணி மோசம் என்றுதான் நினைப்பார்கள். பந்தில்லாமல் டிஃபெண்டருக்குப் பின்னால் ஓடிய ஓட்டம், இடதுகால், தலை, பந்தை இழந்தபின் திரும்ப விரட்டியது எல்லாம் வேண்டும். கூடவே வெட்டாத முழு ஆட்டம் இரண்டு. நடுக்கோட்டுக்கு நேரே, கேலரி உயரத்திலிருந்து எடுத்தது.

கால் விஷயம். மணலிலும் கெட்டித் தரையிலும் வளர்ந்தவனுக்குப் பந்து எழும்பி வரும் என்ற நினைப்பு உடம்பிலேயே ஊறியிருக்கும். அரை நொடி காத்திருப்பான். ஈரப் புல்லில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வேகம் கூடும். முதல் தொடுதல் இரண்டு மீட்டர் தள்ளிப் போய்விடும், ட்ரயல் அதோடு முடிந்தது. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மாதமாவது நீர் தெளித்த செயற்கைப் புல்லில், தரையோடு வரும் வேகப் பந்தை வாங்கிப் பழக வேண்டும். திருகிப் போடும் ஆறு ஸ்டட் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, ஊரிலேயே போட்டுக் காலுக்குப் பழக்கிக்கொண்டு போக வேண்டும். புது பூட்ஸோடு ட்ரயலுக்குப் போனவன் இரண்டாம் நாள் கொப்புளத்தோடு உட்கார்ந்திருப்பான்.

ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ட்ரயல் பார்க்க இது போதும், ஒப்பந்தத்தில் ஆடப் போதாது. ஒப்பந்தம் கைக்கு வந்தால் மூன்று வரிகளைத் தேடுங்கள். 18-க்குள் போடுவது மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. "மருத்துவப் பரிசோதனையில் தேறினால் செல்லும்" என்ற நிபந்தனைக்கு ஃபிஃபா விதியில் இடமில்லை. பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுதிவிட்டு வெளியேறலாம். வழக்கு போட ஃபிஃபா வீரரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

கடைசியாகக் காகிதம், நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் "ம. கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் ம", கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, கிளப் பதிவில் "கார்த்திக் மணி" என்றிருந்தால், பதிவு மாற்றும் கணினிக்கு இது நான்கு ஆள். அமெரிக்க விசாவிலோ முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி வரும். கடவுச்சீட்டு எடுக்கும்போதே அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மையப் பதிவிலும் அப்படியே எழுதுவது ஒன்றே வழி.

பிறந்த தேதி இதைவிட ஆபத்து. ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்தில் பிறந்ததாக எழுதிவைக்கும் பழைய வழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. நகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் செப்டம்பர் 20 என்றிருக்கும். ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் கோடைக் கால மாற்றம் செப்டம்பர் தொடக்கத்தில் மூடிவிடும். உண்மைத் தேதிப்படி பையனுக்கு 18 நிரம்புவது மூடிய பிறகு, அடுத்த கதவு ஜனவரியில். பள்ளித் தேதியைக் காட்டி ஜூலையிலேயே போய்விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். முரண்பட்ட இரண்டு தேதிகளோடு போன விண்ணப்பம் வயது மோசடிச் சந்தேகத்தில் நிற்கும், ஜனவரியும் போய்விடும். அந்த ஆறு மாதத்தை உள்ளூர் லீக்கில் ஒன்பதாம் நம்பரில் ஆடிக் கழிக்கலாம். பள்ளிச் சான்றிதழைத் திருத்தும் மனுவைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியலில் தேதி ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.